காசோலையை வாங்கும் முன்

(அறக்கட்டளை ஆண்டு விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு இதே விழாவில், மதிய உணவுப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஒரு தந்தை என்னைத் தனியே அழைத்தார். “ஐயா, என் மகள் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். நல்ல நிறுவனத்தில் வேலைக்கான உத்தரவும் வந்துவிட்டது. அவளோ, ‘வேலை வேண்டாம் அப்பா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த பிராஜெக்டையே கம்பெனி ஆக்கப்போகிறோம், பணம் போடவும் ஒருவர் இருக்கிறார்’ என்கிறாள். விடலாமா, கூடாதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

முப்பது ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் கற்பித்தவன் நான். ஆயினும் அன்று விடை சொல்லவில்லை. “யோசித்துச் சொல்கிறேன்” என்று நழுவிவிட்டேன். ஓராண்டாக அந்தக் கேள்வி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த அரங்கில் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, அந்தக் கேள்விக்கான விடையையே உரையாக்குவது என்று முடிவு செய்தேன்.

பொதுப்பட அறிவுரை கூறுவதைவிட, நடந்த ஒன்றை எடுத்துச் சொல்வது பயன் தரும். ஆகவே, ஒரு மாணவர் செயல்திட்டம் உலகறிந்த நிறுவனமான வரலாற்றைப் படிப்படியாகக் காண்போம். நீங்கள் அனைவரும் நாள்தோறும் பயன்படுத்தும் கூகுளின் வரலாறுதான் அது. ஒவ்வொரு படியிலும் அம்மாணவர்கள் எதைப் பெற்றார்கள், எதைக் கொடுத்தார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், 1995-ஆம் ஆண்டு லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரு மாணவர்கள் அறிமுகமானார்கள். இருவரும் 1973-இல் பிறந்தவர்கள். இருவரும் பேராசிரியர்களின் பிள்ளைகள். முனைவர் பட்ட ஆய்வே இருவருடைய நோக்கமாக இருந்தது. வாணிகம் அவர்கள் கருத்தில் இல்லை.

இணையத்தில் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைச் சுட்டுகிறது அல்லவா? ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பல அறிஞர்கள் மேற்கோள் காட்டினால் அதன் மதிப்பு உயர்கிறது. அதுபோலவே, பல பக்கங்கள் சுட்டும் இணையப் பக்கத்துக்கு மதிப்பு மிகுதி. மதிப்புள்ள பக்கமே சுட்டினால் அதனினும் மிகுதி. இந்த எண்ணத்தை அவர்கள் கணக்காக வடித்தார்கள். 1996 மார்ச்சில் இணையப் பக்கங்களைத் திரட்டும் பணி தொடங்கியது. முதலில் அதற்கு ‘பேக்ரப்’ என்று பெயர். தரவுகளைச் சேமிக்க நான்கு ஜிகாபைட் கொள்ளளவுடைய வன்தட்டுகள் பத்தை, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த கூட்டில் அடுக்கி வைத்தார்கள். அந்தக் கூடு இன்றும் ஸ்டான்போர்டில் பாதுகாக்கப்படுகிறது. 1998-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, 2 கோடியே 40 லட்சம் பக்கங்களைத் திரட்டியதாகக் கூறுகிறது.

இளைஞர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அந்தக் கணிப்பொறி யாருடையது? இணைய இணைப்பு யாருடையது? ஆய்வுக்கான பணம் யாருடையது? கருவிகளும் இணைப்பும் பல்கலைக்கழகத்துக்கு உரியவை. பணம் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனம் முதலியவற்றின் வழியே வந்தது. எனவே, பக்கங்களை மதிப்பிடும் அந்த முறைக்கு 1998 ஜனவரியில் விண்ணப்பித்து 2001-இல் பெற்ற காப்புரிமை, கண்டுபிடித்தவராக லாரி பேஜின் பெயரைத் தாங்கியிருந்தாலும், உரிமையாளராக ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தையே குறிப்பிடுகிறது. தாங்கள் கண்டுபிடித்ததைப் பயன்படுத்த அம்மாணவர்களின் நிறுவனமே பல்கலைக்கழகத்திடம் உரிமம் பெற்றது. அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகம் பெற்ற பங்குகள் ஏறத்தாழ 18 லட்சம். 2005-ஆம் ஆண்டுக்குள் அவற்றை விற்று 33 கோடியே 60 லட்சம் டாலர் ஈட்டியது.

பல்கலைக்கழகம் மாணவர்களின் உழைப்பைச் சுரண்டிவிட்டது என்று எண்ண வேண்டாம். விதி முன்பே தெரிந்திருந்தது. கணக்கு முன்பே எழுதப்பட்டது. ஆகவே பிற்காலத்தில் பூசல் எழவில்லை. நம் பிள்ளைகளின் கல்லூரிகளில் இதற்கான விதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். சில கல்லூரிகளில் எழுதப்பட்ட விதியே இருக்காது. முதல் காசு கைக்கு வருமுன், “இச்செயல்திட்டத்தின் மீது கல்லூரிக்கு என்ன உரிமை?” என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த படிக்கு வருவோம். அவ்விரு மாணவர்களும் உடனே நிறுவனம் தொடங்கத் துடிக்கவில்லை. தங்கள் முறையை அப்போதிருந்த தேடுபொறி நிறுவனங்களுக்கு விற்கவே முயன்றார்கள். எவரும் வாங்க முன்வரவில்லை. யாஹூவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டேவிட் ஃபைலோ, இதை நீங்களே நிறுவனமாக்கி வளர்க்கலாமே என்று ஊக்கினார். நிறுவனம் தொடங்கிய பின்னும், 1999-இல், ஏறத்தாழ 10 லட்சம் டாலருக்குக் கொடுக்க முன்வந்தபோது எக்ஸைட் என்ற நிறுவனம் மறுத்துவிட்டது. இன்று அதை எண்ணி உலகம் நகைக்கிறது. ஆனால் அன்றைய நிலையில் அம்மறுப்பு வியப்புக்குரியதன்று. பயன் எவ்வளவு என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை, அம்மாணவர்களும் அறியவில்லை.

1998 ஆகஸ்டில் ஒரு காலை நேரம். ஸ்டான்போர்டு பேராசிரியர் டேவிட் செரிட்டன் அவர்களின் வீட்டுத் திண்ணையில், ஆண்டி பெக்டோல்ஷைம் என்பவருக்குத் தங்கள் தேடுபொறியை இயக்கிக் காட்டினார்கள். அவர் வேறு பணிக்குச் செல்லும் அவசரத்தில் இருந்தார். அங்கேயே ஒரு லட்சம் டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றார்.

இவர் ஏன் இவ்வளவு விரைவாக நம்பினார்? இவரும் அதே வழியில் நடந்து வந்தவர். ஸ்டான்போர்டில் மாணவராக இருந்தபோது, பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி வலைப்பின்னலுக்காக இவர் வடிவமைத்த கணிப்பொறியே, 1982-இல் ‘சன் மைக்ரோசிஸ்டம்ஸ்’ என்ற நிறுவனம் பிறக்கக் காரணமாயிற்று. ‘ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வலைப்பின்னல்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே ‘சன்’ என்னும் பெயராயின. அந்த மாணவர் பின்னாளில் அடுத்த தலைமுறை மாணவர்களுக்குக் கை கொடுத்தார். நமக்கு அணுக்கமான செய்தி ஒன்றும் உண்டு. கூகுளுக்குத் தொடக்கத்திலேயே பணமும் வழிகாட்டுதலும் தந்து அதன் இயக்குநர் குழுவிலும் இடம் பெற்ற ராம் ஸ்ரீராம், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்.

ஆனால் பெக்டோல்ஷைம் கொடுத்த காசோலையை வங்கியில் செலுத்த முடியவில்லை. ‘கூகுள் இன்கார்ப்பரேட்டட்’ என்ற பெயருக்கு அவர் எழுதியிருந்தார். அப்படியொரு நிறுவனமே அப்போது இல்லை! காசோலை சில வாரங்கள் மேசை இழுப்பறையில் கிடந்தது. 1998 செப்டம்பர் 4-ஆம் நாள் நிறுவனம் பதிவு செய்யப்பட்ட பிறகே அது பணமாயிற்று.

இந்நிகழ்ச்சியைப் பலரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கோ இது வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. பணம் மாணவர்களுக்கு வரவில்லை. நிறுவனம் என்ற சட்டப்படியான தனி ஆளுக்கு வந்தது. அந்த நாளிலிருந்து செயல்திட்டம் உங்களுடையதாக இராது, நிறுவனத்துடையதாகும். உங்களுக்கு அதில் பங்குகள் இருக்கும். பங்கு யாருக்கு எவ்வளவு, இடையில் ஒருவர் விலகினால் என்ன என்பதை அந்த நாளுக்கு முன்பே எழுதியாக வேண்டும்.

இதை எழுதாமல் விட்டதால் நேர்ந்த இழப்பு ஒன்று எனக்குத் தெரியும். அதில் என் பிழையும் உண்டு என்பதால் இந்த அரங்கில் அதை ஒளிக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வழிகாட்டுதலில் மூன்று மாணவர்கள் ஒரு மென்பொருள் செய்தார்கள். பள்ளி வாகனம் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதைப் பெற்றோரின் கைப்பேசியில் காட்டும் மென்பொருள். படிப்பு முடியுமுன்பே இரண்டு பள்ளிகள் கட்டணம் செலுத்தி அதை ஏற்றுக்கொண்டன. நிரலில் பெரும்பகுதியை ஒருவன் எழுதினான். மற்றொருவன் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினான். மூன்றாமவன் இரண்டுக்கும் உதவினான். ஒருநாள் மூவரும் என் அறைக்கு வந்து, “ஐயா, பங்கு பிரித்து எழுதிக்கொள்ளலாமா?” என்று கேட்டார்கள். நான், “உடன்பிறந்தாரைப் போல இருக்கிறீர்கள். உங்களுக்குள் எழுத்து எதற்கு? முதலில் வேலையைப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

படிப்பு முடிந்ததும் மூன்றாமவன் குடும்பச் சூழலால் வேலைக்குச் சென்றான். ஓராண்டு கழித்து முதலீட்டாளர் ஒருவர் வந்தார். அவருடைய வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, “இந்த மென்பொருள் யாருடையது?” என்பதே. விலகிச் சென்றவன் மூன்றில் ஒரு பங்கு தன்னுடையது என்றான். ஒன்றரை ஆண்டு உழைத்தவன் அவன். அவன் கேட்டதில் தவறில்லை. அவன் போன பின் இரவு பகலாகப் பாடுபட்ட மற்ற இருவரும் அதை ஏற்கவில்லை; அவர்கள் மறுத்ததிலும் தவறில்லை. முதலீட்டாளர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சென்றுவிட்டார். பள்ளிகளும் வேறு மென்பொருளுக்கு மாறின. பின்னொரு நாள், அவர்களுள் ஒருவனின் தங்கை திருமணத்தில் மூவரையும் கண்டேன். மூவரும் வந்து என்னை வணங்கினார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பந்தியின் வெவ்வேறு மூலைகளில் அமர்ந்தார்கள். அன்று என் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

இதற்குத் தீர்வு முன்பே உலகில் இருந்தது, நான்தான் அறியாதிருந்தேன். புத்தொழில் நிறுவனங்களில் தொடங்குவோரின் பங்கு முழுவதும் முதல் நாளே அவர்களுக்கு உரிமையாகிவிடாது. வழக்கமாக நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாகும். முதல் ஓராண்டுக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. ஓராண்டு முடிந்தால் நான்கில் ஒரு பகுதி. அதன் பின் மாதந்தோறும் கூடும். இப்படி ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால், விலகியவனுக்கு உரியது அவனுக்குக் கிடைத்திருக்கும், இருந்தவர்களின் உழைப்பும் காக்கப்பட்டிருக்கும், நட்பும் நிலைத்திருக்கும். எழுத்து என்பது ஐயத்தின் அடையாளம் என்று நான் நினைத்தேன். நட்பைக் காக்கும் வேலி அது என்பதை மூவரின் நட்பு முறிந்த பிறகே உணர்ந்தேன்.

மீண்டும் கூகுளுக்கு வருவோம். நண்பர்களும் உறவினரும் தனி முதலீட்டாளர்களும் தந்த பணம் ஏறத்தாழ 10 லட்சம் டாலர் சேர்ந்தது. மென்லோ பார்க் என்னும் ஊரில் சூசன் வொய்சிக்கி அவர்களின் வீட்டு வாகனக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பணி நடந்தது. அப்போது நாளொன்றுக்கு 10,000 தேடல்கள். 1999-இன் தொடக்கத்திலேயே அது 5 லட்சமாயிற்று. கணிப்பொறிகள் வாங்கப் பெரும்பணம் தேவைப்பட்டது. 1999 ஜூனில் சிகோயா, கிளைனர் பெர்கின்ஸ் என்னும் இரு துணிகர முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 2 கோடியே 50 லட்சம் டாலர் முதலிட்டன.

துணிகர முதலீடு என்றால் என்ன? நம்மில் பெரும்பாலோர் வேளாண் குடும்பத்தினர். ஆகவே நம் வயல்வெளியை வைத்தே சொல்கிறேன். வங்கிக் கடன் என்பது குத்தகை போன்றது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசியதை அளந்தாக வேண்டும். துணிகர முதலீடு வாரம் போன்றது. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் இருவருக்கும் இழப்பு. ஆகவே நிறுவனம் நொடித்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இதுவரை கேட்க இனிமையாகவே இருக்கும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாரத்துக்கு விட்டவர் ஒரு போகம் பார்ப்பார், அடுத்த போகமும் பார்ப்பார். துணிகர முதலீட்டாளர் பிறரிடம் திரட்டிய நிதியைப் பெரும்பாலும் பத்தாண்டுக் காலத்துக்குள் பெருக்கித் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். அவர் பணம் போட்ட நிறுவனங்களுள் பல நொடித்துப்போகும். அந்த இழப்பையெல்லாம் ஈடுசெய்யும்படி ஓரிரண்டு மிகப்பெரிதாக வளர வேண்டும். எனவே, அளவாக ஆதாயம் தந்து அமைதியாக நடக்கும் நிறுவனம் உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம், அவருக்குப் போதாது. நூறு பேருக்கு வேலையும் நேர்மையான வருவாயும் தரும் தொழில் உங்கள் கனவானால், துணிகர முதலீடு உங்களுக்கு உரிய வழியன்று. அதற்கு வாடிக்கையாளர் தரும் கட்டணமே சிறந்த மூலதனம்.

கணக்கையும் சற்றுப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தில் 100 பங்குகள் உள்ளன. முதலீட்டாளருக்குப் புதிதாக 25 பங்குகள் வழங்குகிறீர்கள். மொத்தம் 125, அதில் அவருடையது ஐந்தில் ஒன்று, அதாவது நூற்றுக்கு 20. இதற்கு அவர் 5 கோடி ரூபாய் தந்ததாகக் கொள்வோம். சில ஆண்டுகளில் நிறுவனம் 6 கோடிக்கு விற்கப்படுகிறது. நூற்றுக்கு 20 என்றால் அவருக்கு 1 கோடியே 20 லட்சம், நமக்கு மீதி என்று நீங்கள் கணக்கிடுவீர்கள். அப்படியன்று. ‘போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு’ என்ற விதி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். அவர் 5 கோடியை எடுத்துக்கொள்வார். எஞ்சிய 1 கோடியையே மற்ற அனைவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். இதில் ஏமாற்று எதுவுமில்லை. கையெழுத்திட்ட தாளில் இருப்பதுதான். படிக்காமல் கையெழுத்திடுவோருக்கே அது அதிர்ச்சியாகும்.

பணத்தோடு நிபந்தனையும் வந்தது. அவ்விரு முதலீட்டு நிறுவனங்களின் சார்பாளர்களும் இயக்குநர் குழுவில் அமர்ந்தார்கள். அனுபவமுள்ள ஒருவரைத் தலைமை நிர்வாகியாக அமர்த்த வேண்டுமென்று வற்புறுத்தினார்கள். பேஜும் பிரினும் இதை எளிதில் ஏற்கவில்லை, காலம் கடத்தினார்கள். இறுதியில் 2001-இல் எரிக் ஷ்மிட் அப்பொறுப்பை ஏற்றார். அத்தேர்வு நிறுவனத்துக்கு நன்மையாகவே முடிந்தது. 2004 ஆகஸ்டில் பொதுப் பங்கு வெளியீடு வந்தபோது, தொடங்கியவர்கள் வைத்திருந்த வகைப் பங்குக்குப் பத்து வாக்குகள், பொதுமக்கள் வாங்கும் பங்குக்கு ஒரு வாக்கு என்று அமைத்துக்கொண்டார்கள். பணம் வேறு, ஆளும் உரிமை வேறு என்பதை அதற்குள் நன்கு கற்றிருந்தார்கள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை என்று முன்பு குறிப்பிட்டேன் அல்லவா? அதன் பின்னிணைப்பில் அம்மாணவர்கள் ஒரு கருத்தை எழுதியிருக்கிறார்கள். விளம்பர வருவாயை நம்பி நடக்கும் தேடுபொறி, தேடுவோரின் தேவையை விட்டு விளம்பரம் தருவோரின் பக்கம் இயல்பாகவே சாய்ந்துவிடும் என்பதே அதன் சாரம். இரண்டே ஆண்டுகளில், 2000 அக்டோபரில், கூகுள் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. அன்று முதல் இன்றுவரை அதன் வருவாயில் பெரும்பகுதி விளம்பரமே. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, தேடுபொறித் துறையில் தன் ஏகபோகத்தைச் சட்டத்துக்கு மாறாக நிலைநிறுத்திக்கொண்டது என்று அந்நிறுவனத்தின் மீது தீர்ப்பளித்தது.

அவர்கள் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. தேடலுக்கான முடிவுகளையும் விளம்பரங்களையும் பிரித்துக் காட்ட அவர்கள் தொடக்கத்தில் முயன்றதும் உண்மை. கோடிக்கணக்கான மக்களுக்கு இலவசமாக அறிவைத் திறந்துவிட்டதும் உண்மை. ஆயினும், கைப்பணம் இல்லாத மாணவர்களாக இருந்தபோது தெளிவாகக் கண்ட ஓர் இடரை, வளர்ச்சி பெற்ற நிறுவனமாக அவர்களாலும் தவிர்க்க இயலவில்லை. பணம் போட்டவர் ஒவ்வொருவரும் வளர்ச்சியை எதிர்பார்க்கிறார். எதிர்பார்ப்பு கூடக்கூட, ‘இதைச் செய்ய மாட்டோம்’ என்று சொல்லும் ஆற்றல் குறைகிறது. ஆகவே, எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதைப் பணம் வருமுன் உங்களுக்குள் பேசி எழுதிவையுங்கள். வந்த பின் அதைப் பேசுவது மிகக் கடினம்.

அந்தத் தந்தை இன்றும் வந்திருக்கிறார். மகளும் உடன் வந்திருக்கிறாள். ஐயா, ஓராண்டு தாமதமாக என் விடையைக் கூறுகிறேன். வழியை மறிக்காதீர்கள். ஆனால், மூன்று தாள்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முதல் தாள், கல்லூரிக்கு என்ன உரிமை என்பது. இரண்டாம் தாள், மூன்று நண்பர்களுக்குள் பங்கும் விலகலும் எவ்வாறு என்பது. மூன்றாம் தாள், முதலீட்டாளர் தரும் ஒப்பந்தம். அதை நல்ல வழக்கறிஞரிடம் காட்டுங்கள், அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். வீட்டையோ நஞ்சையையோ அடகு வைக்காதீர்கள். இழப்பைத் தாங்க வேண்டியவர் முதலீட்டாளர். குடும்பத்தின் பிணையைக் கேட்பவர் துணிகர முதலீட்டாளர் அல்லர். ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு என்று ஒரு காலம் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் பணம் செலுத்தும் வாடிக்கையாளர் வராவிட்டால் வேலைக்குச் செல்வதில் இழிவு ஏதுமில்லை. பேஜும் பிரினும் கூட முனைவர் பட்டப் படிப்பைத் துறந்து வரவில்லை. விடுப்பு எடுத்தே வந்தார்கள். திரும்பிச் செல்லும் வாயிலைத் திறந்து வைத்துவிட்டே புறப்பட்டார்கள்.

மகளே, உனக்கு ஒரு சொல். அந்த இரண்டாம் தாளை எழுத நீ கூச்சப்படாதே. நாளை காலையே நண்பர்கள் இருவரையும் அமர வைத்து எழுது. ‘எழுத்து எதற்கு’ என்று யாரேனும் பெரியவர் சொன்னால், என் மூன்று மாணவர்களின் கதையை அவரிடம் சொல். சாட்சிக் கையெழுத்து வேண்டுமானால் நான் வந்து இடுகிறேன்.